மூன்று சின்னத்தம்பிகளும் ஒரு கோட்டும்

"தம்பி, என்ட அப்பாட முகம் உங்களிட்ட இருக்குதோ?"

நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கதிரையில் உட்காரும் முன்னமே பிலோமினா அக்கா கேட்ட கேள்வி இதுதான். வெளியே மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் அடையாள அட்டைப் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எங்கள் ஸ்டூடியோவின் சீவியம் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும்தான் ஓடுகிறது. முகம் கேட்டு வருகிறவர்கள் தங்கள் முகத்தைத்தான் கேட்பார்கள். தகப்பனின் முகத்தைக் கேட்டு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அக்காவை ஊரில் பலருக்குத் தெரியும். துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் சிற்றூழியராக இருந்தவர். மணி அடிப்பது, கதவு திறப்பது, மண்டபத்தில் தூசு தட்டுவது எல்லாம் அவர்தான். ஓய்வு பெற்று நாலைந்து வருடம் இருக்கும். அவருடைய தகப்பன் சின்னத்தம்பி, ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தில் கடலடிக்கு மூழ்கி வேலை செய்த பேர்பெற்ற சுழியோடி.

"கடற்கரைப் பக்கம் மீனவர் சங்கம் கட்டின மண்டபத்துக்கு அப்பாட பேர் வைக்கினம். இன்னும் பன்னிரண்டு நாளில திறப்பு விழா. சட்டம் அடிச்சுக் கிடக்குது. உள்ள வைக்கப் படம் இல்லை."

"வீட்டில ஒண்டும் இல்லையோ, அக்கா?"

"வீடு ரெண்டு தரம் போச்சுது. ஒருக்காச் சண்டையில, ஒருக்காக் கடல் பொங்கினதில. எனக்கு மூண்டு வயசில அப்பா காய்ச்சல் வந்து செத்தவர். அவற்ற முகம் எனக்கு ஞாபகம் இல்லை." குடையிலிருந்து ஓடிய தண்ணீரைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "சங்கத்துப் பொடியன்கள் கொம்பியூட்டரில ஒரு முகம் செய்து போடலாம் எண்டு சொல்லுறாங்கள். ஆரோ ஒருத்தற்ற முகத்தை அப்பா எண்டு சொல்லி நான் எப்பிடித் தம்பி கும்பிடுறது?"

அந்தக் கேள்விக்குள் எவ்வளவு பெரிய வெடி இருந்தது என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

எண் போட ஆளில்லாத ஊர்

கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். போன கிழமை இந்தப் பத்தியில், படம் பிடிக்கக் கொளுத்துகிற ஃபிளாஷ் மருந்தில் மாப்பிள்ளையின் புருவம் கருகிய கதையை எழுதியிருந்தேன். அந்த மாப்பிள்ளையின் மகன் தொலைபேசியில் அழைத்து, "கருகினது அப்பாட புருவம் இல்லை, மாப்பிள்ளைத் தோழன்ட புருவம்" என்று திருத்தினார். திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆள் மாறிப்போவது எங்கள் ஸ்டூடியோவுக்குப் புதிதல்ல என்பதை இந்தக் கிழமை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

அரச குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் முதலாமவர், இரண்டாமவர் என்று எண் போட்டுவிடுவார்கள். சரித்திரம் படிக்கிற பிள்ளைக்குச் சுகம். எங்கள் ஊரில் எண் போட ஆளில்லை. ஒரே காலத்தில் மூன்று சின்னத்தம்பிகள் இங்கே பெரிய மனிதர்களாக இருந்தார்கள். மூவரும் வீட்டில் கடைக்குட்டிகள். பதிவில் வேறு வேறு பெயர் இருந்தாலும் ஊர் கூப்பிட்டது சின்னத்தம்பி என்றுதான்.

முதல் ஆள் சின்னத்தம்பி வாத்தியார். துறைமுகக் கூலிகளின் பிள்ளைகளுக்காக ஒரு கொட்டிலில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். வராத பிள்ளையின் வீட்டுக்குச் சைக்கிளில் போய், அதே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவாராம். பிலோமினா அக்கா மணி அடித்த பள்ளிக்கூடம் அந்தக் கொட்டிலில் முளைத்ததுதான்.

இரண்டாவது ஆள் கிண்ணியாச் சின்னத்தம்பி மரைக்கார். பாலம் இல்லாத காலத்தில் வள்ளங்கள் வைத்து ஓட்டியவர். பெரிய வெள்ளம் வந்தபோது தன் வள்ளம் அத்தனையையும் இறக்கி, எந்த ஊர், எந்தச் சனம் என்று பாராமல் ஏற்றிக் கரை சேர்த்தவர். பிள்ளைத்தாய்ச்சிகளிடம் ஒருநாளும் கூலி வாங்கியதில்லை என்று இன்றைக்கும் கிண்ணியாவில் சொல்வார்கள்.

மூன்றாவது ஆள்தான் சுழியோடிச் சின்னத்தம்பி. கப்பலுக்கு அடியில் சுற்றுகிற காற்றாடியில் கயிறு சிக்கினாலும், நங்கூரம் அறுந்து விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். துறைமுக வாயிலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தபோது, அதில் வந்த சனத்தை ஒவ்வொருவராக இழுத்து வந்து கரையில் போட்டார் என்பது ஊரறிந்த கதை.

பெயர் ஒன்றாக இருந்ததில் பெரும்பாடு பட்டவர் தபால்காரர்தான். 'சின்னத்தம்பி, திருகோணமலை' என்று மொட்டையாகக் கடிதம் வரும். மூவரும் கூடி ஒரு ஒழுங்கு செய்திருந்தார்களாம்: யாருக்குக் கிடைத்தாலும் முதல் வரியை மட்டும் வாசிப்பது, தனக்கில்லை என்றால் உரியவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. வள்ளம் கவிழ்ந்த சம்பவத்துக்கு வந்த பாராட்டுக் கடிதம் வாத்தியார் கையில் கிடைத்தது. 'கடலில் குதித்து' என்ற இடத்திலேயே அவர் நிறுத்திவிட்டார். "எனக்கு நீந்தவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தாராம். வாத்தியாருக்கு வந்த சோக்குக் கட்டிப் பெட்டி மரைக்காருக்குப் போனது. அவர் அதை ஒரு முட்டி தயிரோடு நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு தன் சாமான்கள் எல்லாம் வழி தவறிக் கிண்ணியாவுக்கே போகட்டும் என்று வாத்தியார் வேண்டிக்கொண்டாராம்.

இந்த மூவரும் வெவ்வேறு நாளில் எங்கள் அப்பாவின் ஸ்டூடியோவுக்கு வந்து படம் பிடித்தவர்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மேலே துரை, கீழே நாங்கள்

அப்பாவிடம் ஒரு கறுப்புக் கோட் இருந்தது. படம் பிடிக்க வருகிற ஆம்பிளைகள் அத்தனை பேரும் அதைத்தான் போடுவார்கள். மெலிந்தவர் என்றால் முதுகுப் பக்கம் உடுப்புக் கவ்விகளால் இறுக்கிவிடுவார். பெருத்தவர் என்றால், ஏற்கெனவே பிரித்துவைத்திருந்த முதுகுத் தையல் இடம் கொடுக்கும். முன்னால் பார்த்தால் எல்லோரும் துரைமார்.

பிறகு ஒரு கதிரை, பின்னால் அன்னம் நீந்துகிற குளத்துப் படுதா, சட்டைப் பையில் மை இல்லாத ஒரு பேனை. இதோடு பெரிய தேசப்படப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதை விரித்து மடியில் வைத்தால் மடி முழுவதும் மறைந்துவிடும். அது எதற்கென்றால், வேலை இடத்திலிருந்து அப்படியே இடுப்பில் கட்டிய சாரத்தோடு வருகிறவர்களுக்கு. கோட்டுக்குக் கீழே சாரம் தெரியக் கூடாது அல்லவா? வேட்டி கட்டி வந்தவருக்குப் புத்தகம் தேவையில்லை. எல்லோருக்கும் முழங்காலோடு வெட்டித்தான் படம் போடுவார். "மேல துரை, கீழ நாங்கள்" என்று சொல்லிச் சிரிப்பார் அப்பா.

கண்ணாடித் தட்டில் பிடித்த அந்த நெகட்டிவ்களைக் கடதாசி உறைகளில் போட்டு, பெயரை மட்டும் எழுதிவைப்பார். திகதி இல்லை, ஊர் இல்லை, தொழில் இல்லை. அவருக்கு எல்லோரையும் தெரியும், அதனால் எழுதவில்லை. தான் செத்துப்போவேன் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அலுமாரிக்கு மேலேயிருந்த பெட்டியை இறக்கினேன். 'சின்னத்தம்பி' என்று எழுதிய ஒரே உறைக்குள் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றிலும் அதே கோட், அதே கதிரை, அதே அன்னங்கள். ஒருவர் தொப்பி போட்டிருந்தார். அவர் மரைக்கார் என்பதில் சந்தேகம் இல்லை. இன்னொருவரை ஊருக்கே தெரியும். நல்ல அகன்ற நெஞ்சு, சட்டைப் பையில் பேனை, மடியில் விரித்த புத்தகம். அவர் சின்னத்தம்பி வாத்தியார். முப்பது வருடத்துக்கு முன்னர் பள்ளிக்கூடம் கேட்டபோது அந்தத் தட்டிலிருந்து பெரிய படம் போட்டுக் கொடுத்தவன் நானேதான். இன்றைக்கும் அது பள்ளி மண்டபத்தில் தொங்குகிறது.

அந்தப் படத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்து அதிபர் ஒருவர் வருடா வருடம் பேசுவார். "பிள்ளைகளே, புத்தகத்தைப் பாருங்கள். அது வாத்தியாரைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்து இருக்கிறது. எதிரில் இருக்கிற பிள்ளை வாசிக்க வேண்டும் என்பதற்காகத் திருப்பி வைத்திருக்கிறார். இதுதான் ஆசிரியத்துவம்!" கைதட்டு விழும். நானும் ஒருமுறை கைதட்டியிருக்கிறேன்.

ஆக, மிச்சம் இருந்த மூன்றாவது தட்டுத்தான் சுழியோடி. மெலிந்து, வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிய ஒரு மனிதர். கடலில் காய்ந்த ஆள் இப்படித்தான் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வழக்கம்போல முழங்காலோடு வெட்டிப் படம் போட்டேன்.

ஒற்றைச் செருப்பு

அடுத்த நாள் பிலோமினா அக்கா வந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இவர்தானோ, தம்பி?"

"ஓம் அக்கா. இவர்தான்."

"சரி." படத்தைத் திரும்பவும் பார்த்தார். "அம்மா சொல்லுவா, அப்பா வாசல் நிலையை அடைச்சுக்கொண்டு நிக்கிற பெரிய ஆள் எண்டு. இவர் நல்லா மெலிஞ்சு போனார், பாவம்."

நான் படத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"அப்பா படம் பிடிக்க வரேக்க என்னையும் தூக்கிக்கொண்டு வந்தவராம். நான் கறுப்புத் துணி மூடின பெட்டியைக் கண்டு பயந்து, நிலத்தில இருந்து அவற்ற காலைக் கட்டிப் பிடிச்சுக் கத்தினனானாம். உங்கட அப்பா இனிப்புத் தந்தும் விடேல்லையாம். வாற வழியில ஒரு செருப்பையும் துலைச்சுப்போட்டன். புதுச் செருப்பு. அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா சாகுமட்டும் என்னைப் பேசினவா."

சுற்றிக்கொண்டிருந்த என் கை நின்றது. நேற்று நான் வெட்டுவதற்கு முன்னர் பார்த்த தட்டில் பிள்ளை எதுவும் இல்லை. கீழே என்ன இருந்தது? வேட்டி இருந்தது. அதற்குக் கீழே, கணுக்காலில், ஏதோ மினுங்கியது.

தட்டை எடுத்துக் கண்ணாடி மேசை வெளிச்சத்தில் வைத்தேன். கைத்தொலைபேசியில் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் மாற்றிக் காட்டுகிற வசதி இருக்கிறது. அதை நீட்டிப் பார்த்தேன். மெலிந்த மனிதரின் வலது காலில், வேட்டித் தலைப்பு சங்கிலியில் சிக்காமல் பிடிக்கிற சைக்கிள் கிளிப்பு. கழற்ற மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

சுழியோடிக்கு எதற்குச் சைக்கிள் கிளிப்பு?

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. மற்றத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். அகன்ற நெஞ்சு, பேனை, மடியில் புத்தகம். புத்தகம்! சாரம் கட்டி வந்தவருக்குத்தானே அப்பா புத்தகம் கொடுப்பார்? ஸ்டூடியோவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, படம் போட்ட அன்றைக்கு அது ஏன் மூளையில் ஓடவில்லை? புத்தகமும் பேனையும் கண்டவுடன் படித்த மனிதர் என்று முடிவு கட்டிவிட்டேன். எப்படியும் வெட்டி எறிகிற கீழ்ப்பகுதியை உற்றுப் பார்க்கவில்லை. ஒரே உறைக்குள் இருந்த மற்ற இரண்டு தட்டுகளையும் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. வாத்தியாரை நேரில் கண்ட பழைய ஆட்கள் சண்டையில் சிதறிப்போயிருந்ததால், திருத்திச் சொல்லவும் யாரும் இல்லை. 'மேலே துரை' என்று அப்பா ஊரை ஏமாற்றிய வித்தையில் சொந்த மகனே விழுந்திருக்கிறேன்.

தொலைபேசியை மெல்லக் கீழே இறக்கினேன். புத்தகத்துக்குக் கீழே கோடு போட்ட சாரம். அதற்குக் கீழே வெறுங்கால். அந்தக் காலைக் கட்டிப் பிடித்தபடி நிலத்தில் ஒரு பெண் குழந்தை, வாயை ஆவென்று திறந்து அழுகிறது. அதன் ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலில் இல்லை.

"அக்கா, இங்க ஒருக்கா வாங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். முதலில் மேலே பார்த்தார். "இது எங்கட பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லே?"

"கீழ பாருங்கோ."

விரலை நீட்டி, தொடாமல், செருப்பு இருந்த காலைக் காட்டினார். பிறகு இல்லாத காலைக் காட்டினார். பிறகு விரல் மேலே போய் அந்த அகன்ற நெஞ்சில் நின்றது. அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் கண்ணால் நீர் ஓடத் தொடங்கியது.

"தம்பி, இந்தப் படம் வந்த வருசம்தான் நானும் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தனான். ஒவ்வொரு வருசமும் ஸ்டூலில ஏறி இவருக்கு மாலை போட்டதே நான்தான். ஒருநாளும் ஒட்டடை பிடிக்க விடேல்லை. ஒருக்காச் சட்டத்துக்குப் பின்னால பல்லி முட்டை கிடந்தது. எடுக்கேக்க, 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்' எண்டு சொல்லித்தான் படத்தைத் தொட்டனான். எப்பவும் அப்பிடிச் சொல்லித்தான் தொடுறனான். அப்பாவைப் போய் வாத்தியார்மாரைக் கூப்பிடுற மாதிரிச் சேர் எண்டு கூப்பிட்டிருக்கிறன், பாருங்கோவன்!"

"அக்கா, பிழை என்ரை. முப்பது வருசத்துக்கு முந்தி ஒழுங்காப் பாத்திருந்தா..."

"ஒழுங்காப் பாத்திருந்தா நான் வாத்தியாருக்குத்தான் தூசு தட்டியிருப்பன்" என்றார் அக்கா, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி. "பேசாமல் இருங்கோ."

குடும்பத்து மூக்கு

அடுத்த வேலை கொஞ்சம் வில்லங்கமானது. வாத்தியாரின் பேரன், வங்கி மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற இராசநாயகம் ஐயா, அன்புவழிபுரத்தில் இருக்கிறார். அவருடைய முன்னறையிலும் அதே சுழியோடியின் படம்தான் தொங்குகிறது. இடம்பெயர்ந்த காலத்தில் அவர்கள் வீட்டுப் படங்களும் போய்விட்டதால், பள்ளிக்கூடத்துப் படத்தைப் பார்த்து என்னிடமே ஒரு பிரதி வாங்கியவர். வருகிறவர்களுக்கெல்லாம் தன் மூக்கையும் படத்திலுள்ள மூக்கையும் மாறி மாறிக் காட்டுவார்.

நான் விசயத்தைச் சொன்னேன். ஐயாவின் முகம் சிவந்தது.

"நீர் என்ன கதை கதைக்கிறீர்? இது எங்கட குடும்பத்து மூக்கு!"

நான் வாதாடவில்லை. மெலிந்த மனிதரின் படத்தை, இந்த முறை வெட்டாமல் முழுசாகப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்தேன். ஐயா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கணுக்கால் வரைக்கும் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். குசினிப் பக்கம் மேசை லாச்சிகளை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய தகரப் பெட்டி. அதற்குள் கறள் பிடித்த ஒரு சைக்கிள் கிளிப்பு.

"அப்பப்பாவின்ர எண்டு எங்களிட்டத் தப்பின ஒரே சாமான் இதுதான்" என்றார். குரல் இறங்கிவிட்டது. அதைப் படத்திலிருந்த கணுக்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு படத்தைக் கையில் எடுத்தார்.

"தம்பி, மூக்கைப் பாரும். இதுதான் எங்கட மூக்கு. அப்பிடியே கிடக்குது!"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

"அப்ப சுவரில இருக்கிறவரை கழட்டவோ, ஐயா?"

"அது ஏன் கழட்டுவான்? இவ்வளவு காலம் கும்பிட்ட மனிசன். அவரும் இருக்கட்டும்." சற்று யோசித்தார். "திறப்பு விழாவுக்குப் படத்தை நீர் கொண்டு போக வேண்டாம். நான் கொண்டுபோய் அந்தச் சுழியோடியின்ர பிள்ளையிட்டக் குடுக்கிறன். பிழையான வீட்டுக்கு வந்தா உரிய ஆளிட்ட நேரில சேர்க்கிறதுதான் அந்த மூண்டு சின்னத்தம்பியின்ரையும் ஒழுங்கு."

கீழே வெட்டாத படம்

விழாவன்று காலையில் இராசநாயகம் ஐயா ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில், நான் புதிதாகப் போட்டுக் கொடுத்த, துணி சுற்றிய பெரிய படம். வழி முழுக்கச் சாரதியை மெதுவாகப் போகச் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தாராம். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே வாத்தியாரின் உண்மைப் படத்தை மாட்டியாகிவிட்டது. புத்தகத்தைக் காட்டிப் பேசுகிற அந்த அதிபரும், இப்போது ஓய்வு பெற்றவர், விழாவுக்கு வந்திருந்தார். "புத்தகம் ஏன் எங்களைப் பாத்து இருந்தது?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். காலில் பிள்ளை தொங்கும்போது ஒருவர் புத்தகத்தை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று பார்க்க மாட்டார் என்றேன். "எவ்வளவு நல்ல பேச்சு, வீணாப் போச்சுது" என்று மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

பிலோமினா அக்கா மாலையை மூடி போட்ட வாளிக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தெருவெல்லாம் திரிகிற எங்கள் ஊர் மான்களைத் தெரிந்தவர்கள் மாலையைத் திறந்து கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் ஏற்கெனவே இரண்டு மான்கள் நின்று தோரணத்து மாவிலையை மென்றுகொண்டிருந்தன.

படத்தை எப்படிப் போடுவது என்று முன்னரே அக்காவிடம் கேட்டிருந்தேன். முழங்காலோடு வெட்டினால் மேலே கோட்டும் பேனையுமாகக் கம்பீரமாக இருக்கும். "வெட்டாதேங்கோ" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆகவே மேலே துரையாகவும், கீழே கோடு போட்ட சாரமும் வெறுங்காலுமாகச் சுழியோடி முழுசாக இருந்தார். அப்பா இதைப் பார்த்திருந்தால் தலையில் கைவைத்திருப்பார்.

படத்தைத் திறந்துவைத்த பெரியவர் குனிந்து பார்த்தார். "இது ஆர், கீழ இருந்து அழுற பிள்ளை?"

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து அக்கா கையைத் தூக்கினார். "நான்தான், ஐயா."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தார். மாலை போட அவரையே கூப்பிட்டார்கள். ஒரு பொடியன் கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தான். வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஸ்டூலில் ஏறினார். இருபத்தாறு வருடம் ஸ்டூல் ஏறிய கால் அல்லவா? மாலையைப் போட்டார். அதன் நுனி கீழே தொங்கி அழுகிற பிள்ளையின் முகத்தை மறைத்தது. அக்கா அதை மேலே தூக்கி முடிச்சுப் போடுவதற்காகச் சட்டத்தில் கை வைத்தார்.

நான் பக்கத்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சே..." என்று பழக்கத்தில் தொடங்கியவர், நிறுத்தி, திருத்திச் சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அப்பா."